வலியறிதல்: ஓடுவோர் கணைக்காலும் கணுக்காலும்

'வலி' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வன்மை என்பது ஒன்று; நோவு என்பது மற்றொன்று. திருக்குறளின் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்' எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கு வலி என்பது வன்மையையே குறிக்கும். இன்று வகுப்பறையில் அச்சொல்லைச் சொன்னால் மாணவர் உள்ளத்தில் முதலில் எழுவது நோவு என்னும் பொருளே. சொற்பொருள் இவ்வாறு மாறி வந்தமை மொழியியலார் ஆராய்தற்குரியது. எனினும் ஓடுகின்றவர்க்கு இவ்விரு பொருளும் இன்றும் அருகருகே நிற்கின்றன. காலின் வன்மையை அளந்து அறியாமல் ஓடத் தொடங்குவோர் சில வாரங்களில் அதன் நோவோடு வந்து நிற்பதைக் கல்லூரி ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம்.

நம் மாணவருள் ஒரு பகுதியினர் பட்டம் பெறும் முன்னரே சீருடைப் பணிகளுக்கு ஆயத்தமாகின்றனர். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆடவர் 1500 மீட்டர் தொலைவை 7 நிமிடத்துக்குள் ஓடி முடித்தல் வேண்டும். கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி. நன்கு பயின்றவர்க்கு இது கடினமன்று. ஆனால் நிகழ்வது என்ன? முதலில் எழுத்துத் தேர்வு. அதற்காக ஓராண்டு நாற்காலியிலேயே கழிகிறது. முடிவு வெளிவந்த மறுநாள் விடியலில் மாணவர் சாலையில் இறங்குகிறார். உடற்தகுதித் தேர்வுக்கு இடைப்பட்ட சில வாரங்களில் ஓராண்டு ஓட்டத்தையும் ஓடிவிட முனைகிறார். மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார். "என்னப்பா?" என்று கேட்டால், "கால் வலிக்குதுங்க ஐயா" என்பதே விடை.

எந்தக் கால், காலில் எந்த இடம், எப்போது வலிக்கிறது என்று அடுத்து வினவினால் பெரும்பாலோர் திகைக்கின்றனர். இத்திகைப்பே இக்கட்டுரைக்குக் காரணம். நாம் மருத்துவரல்லர், சொல்லைத் தொழிலாகக் கொண்டவர். ஆயினும் கால் நோயைப் பொறுத்தவரை சரியான சொல் கிடைத்தால் பாதி வழி கடந்தாயிற்று என்பதை மருத்துவ நூல்களைப் பயிலும்தோறும் உணர்கிறோம்.

காலுக்கு எத்தனை பெயர்

'கால்' என்று தமிழர் சொல்வது இடுப்பின் கீழ் விரல் நுனி வரையிலான உறுப்பு முழுவதையும் குறிக்கும். பாதத்தை மட்டும் குறித்துக் 'கால் கழுவினேன்' என்றும் சொல்கிறோம். பொதுச்சொல் இவ்வளவு பரந்ததாயினும் உட்பிரிவுகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. முழங்காலின் கீழ்க் கணு வரையுள்ள பகுதி கணைக்கால். அதன் பின்புறத்தில் மீன் வயிறு போலப் புடைத்து நிற்பது கெண்டைக்கால். அதனை ஆடுசதை என்போரும் உளர். கணுக்காலைத் தென்மாவட்டங்களில் கரண்டைக்கால் என்று வழங்குவர். கணுவின் இருபுறமும் குமிழ் போல் தோன்றும் எலும்பு முனைக்குப் 'பரடு' என்னும் பழஞ்சொல் மிகவும் பொருந்தும். இச்சொல் வழக்கு வீழ்ந்து வருவது வருந்தத்தக்கது. உட்பரடு, வெளிப்பரடு எனப் பிரித்து வழங்கினால் மருத்துவர் அறிய விரும்பும் செய்தி ஒரே சொல்லில் விளங்கிவிடும். பின்புறம் தரையில் ஊன்றும் பகுதி குதிகால். கெண்டைச் சதையிலிருந்து இறங்கிக் குதிகால் எலும்பில் பற்றும் தடித்த நாணைக் குதிநாண் என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

இடர்ப்பாடு தருவது 'நரம்பு' என்னும் சொல்லே. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார், குருதி செல்லும் நாளம், உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு ஆகிய நான்கையும் பேச்சு வழக்கில் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். இதனைப் பிழை என ஒதுக்க இயலாது. யாழின் தந்தியை நரம்பு என்றவர் தமிழர்; இழுத்துக் கட்டப்பட்ட எதுவும் அவர்க்கு நரம்பே. ஆனால் இன்றைய மருத்துவம் அச்சொல்லை ஒரு பொருளுக்கே உரியதாக்கிவிட்டது. குதிநாண் நோவுற்ற மாணவர் மருந்துக் கடையில் 'நரம்பு வலி' என்று சொன்னால் அவர் கைக்கு வருவது சத்து மாத்திரை. தவறு கடைக்காரருடையது மட்டுமன்று.

கணைக்கால் முன்புற நோவு

ஓடுவோர்க்கு வரும் கீழ்க்கால் நோவுகளுள் மிகுதியாகக் காணப்படுவதும், அசட்டை செய்தால் மிகுதியாகக் கேடு விளைப்பதும் இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

கணைக்காலில் இரண்டு எலும்புகள் உள. உட்புறம் இருப்பது பெரிது. உடல் எடையைத் தாங்குவது அதுவே. வெளிப்புறம் இருப்பது மெல்லியது. பெரிய எலும்பின் முன்-உட்பக்கத்தில் தசைப் போர்வை இல்லை. தோலின் கீழ் எலும்பை விரலால் தடவி உணரலாம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரு மடங்குக்கு மேல் ஆகிறது. 1500 மீட்டர் ஓட்டத்தில் ஆயிரம் அடிகளுக்கு மேல் விழுகின்றன. ஓரடி எலும்பை ஒன்றும் செய்யாது. ஆயிரம் அடிகளும் செய்யா. நாள்தோறும் பல்லாயிரம் அடிகள், ஓய்வின்றி, பழகாத எலும்பின்மீது விழுவதே தீங்கு. மயிலிறகை அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று அதே வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதை இங்கு நினைவு கூராமல் இருக்க இயலவில்லை. தளர்ச்சி முறிவைப் பற்றி விளக்க அதனினும் சிறந்த உவமை நாம் பார்த்த மருத்துவ நூல்களில் இல்லை.

எலும்பு கல்லைப் போன்று உயிரற்ற பொருளன்று. சுமை கூடும்போது அது தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. பழைய வீட்டைப் புதுக்குவோர் முதலில் நைந்த பகுதியை இடித்துப் பின்னர்க் கட்டுவது போல, எலும்பும் முதலில் பழையதைக் கரைத்துப் பின்னரே புதியதைப் படிய வைக்கிறது. இடிக்கும் பணி விரைவில் முடியும். கட்டும் பணிக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். ஆகவே புதிதாக ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு முன்னிருந்ததைவிட வலுக் குறைந்து நிற்கும் ஓர் இடைவேளை உண்டு. மூச்சு பழகிவிட்டது, தசை பழகிவிட்டது, இனி வேகத்தைக் கூட்டலாம் என்று மாணவர் எண்ணுவதும் அதே வேளையில்தான். மூன்றாம் நான்காம் வாரத்தில் நொண்டி வருவோர் மிகுதியாவதன் காரணம் இதுவே.

இந்நோவு படைவீரர்களிடமே முதலில் நன்கு அறியப்பட்டது. 1855இல் பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைட்ஹௌப்ட் என்பவர், நெடுந்தொலைவு அணிநடை சென்ற வீரர்க்குப் பாதம் வீங்கி நோவதை எழுதி வைத்தார். அடிபடாமலே எலும்பு முறிவதெப்படி என்பது அக்காலத்தில் விளங்கவில்லை. 1895இல் ஊடுகதிர் கண்டறியப்பட்ட பின்னரே அவ்வீக்கத்தின் அடியில் இருந்தது எலும்பு முறிவு என்று தெரிந்தது. 'அணிநடை முறிவு' என்னும் பெயர் அதனால் வந்தது. படையில் சேர்ந்தவர்க்கு அன்று வந்தது, சேரும் முன்னரே நம் மாணவர்க்கு இன்று வருகிறது.

கணைக்கால் முன்புற நோவில் இரு நிலைகளைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. முதல் நிலையில் எலும்பின் உள்விளிம்பு நெடுக, அதுவும் கீழ்ப்பாதியில், நோவு பரந்து இருக்கும். விரலால் அழுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு மேற்பட்ட பரப்பில் வலிக்கும். ஓட்டத்தின் தொடக்கத்தில் தோன்றி, உடல் சூடேறியதும் குறைந்து, முடிந்தபின் மீண்டும் எழும். இது எலும்பின்மீதும் அதன் உறையின்மீதும் சுமை மிகுந்தமைக்கு அடையாளம். ஓட்டத்தைக் குறைத்து, சில வாரங்கள் மிதிவண்டி, நீச்சல், நடை என்று மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் தணியும்.

இரண்டாம் நிலை தளர்ச்சி முறிவு. இங்கு நோவு ஒரு புள்ளியில் நிற்கும். "இங்கேதான்" என்று ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடியும். ஓட ஓடக் குறையாது, கூடும். பின்னர் நடக்கும்போதும் வலிக்கும். இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். அக்காலால் நொண்டியடித்துக் குதிக்கச் சொன்னால் குதிக்க மனம் வராது. இந்நிலையில் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைக் காணுதல் வேண்டும். மற்றொன்றும் அறிய வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில் இம்முறிவு பெரும்பாலும் தெரிவதில்லை. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று மகிழ்ந்து மறுநாள் ஓடுவோர் இதனை மனத்திற் கொள்க. படத்தில் இல்லாமையும் காலில் இல்லாமையும் ஒன்றல்ல. நோவு நீடித்தால் சிறிது காலம் கழித்து மறுபடம் எடுப்பதோ எம்.ஆர்.ஐ. எடுப்பதோ மருத்துவர் முடிவுக்குரியது. பெரிய எலும்பின் முன்விளிம்பில் நடுப்பகுதியில் ஒரு புள்ளியில் வலிப்பின் அது தனிக் கவனத்துக்குரியது. அவ்விடத்து முறிவு எளிதில் கூடுவதில்லை; ஓட்டத்தைத் தொடர்ந்தால் எலும்பு முழுவதுமாக முறியவும் கூடும்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் இத்தகைய ஒரு புள்ளி நோவோடு வந்தார். வலி தெரியாதிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்று உடன் பயில்வோர் அவர்க்கு அறிவுரை கூறியிருந்தனர். வலிநீக்கும் ஊசி எலும்பைக் கூட்டுவதில்லை. முறிகிறது என்னும் அறிவிப்பை மட்டும் நிறுத்துகிறது. மேலும் அத்தகைய மருந்துகளை நீர் வற்றிய உடலோடு வெயிலில் ஓடுவோர் எடுத்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. அம்மாணவர் அவ்வாண்டுத் தேர்வை விட்டுவிட்டார். வீட்டில் அது எளிதாக ஏற்கப்படவில்லை. அடுத்த அறிவிக்கை வரும் வரை காத்திருப்பது வறிய குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் அறிவோம். அதனாலேயே, தேர்வு நெருங்கிய பின் கூறும் அறிவுரையினும் ஓராண்டுக்கு முன் கூறும் அறிவுரையே பயனுடையது என்று வற்புறுத்துகிறோம்.

மாணவியர்க்குத் தனியே ஒன்று கூற வேண்டும். வெளிப்படையாகப் பேசத் தயங்கும் செய்தியாயினும் தாய்மாரும் ஆசிரியைமாரும் அறிந்திருத்தல் நலம். ஓட்டத்துக்கு ஏற்ற உணவு உண்ணாத பெண்களுக்கு மாதவிலக்கு தவறத் தொடங்கும். உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்நிலையில் எலும்பும் வலுவிழக்கிறது. மாதவிலக்கு தவறுவதும் கணைக்காலில் நோவும் சேர்ந்து வந்தால் அதனை ஓட்டக் களைப்பு எனத் தள்ளிவிடாமல் மருத்துவரிடம் இரண்டையும் ஒருங்கே கூறுதல் வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 800 அலகு வைட்டமின் டி-யும் பெற்றவரிடம் தளர்ச்சி முறிவு 20 விழுக்காடு குறைந்திருந்தது. நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடிவிட்டுத் தேநீரோடு வகுப்புக்கு வரும் பழக்கம் ஆண்களிடமும் உள்ளது. அவர்களும் இதனைக் கேட்டுக்கொள்ளலாம்.

குதிநாண்

மனித உடலின் தசைநாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும் குதிநாணே. மேலை நாட்டார் இதனை அக்கிலீஸ் என்னும் கிரேக்க வீரன் பெயரால் வழங்குவர். அவனுடைய தாய் அவனைக் குழந்தைப் பருவத்தில் குதிகாலைப் பிடித்து ஸ்டிக்ஸ் ஆற்று நீரில் தோய்த்தாள் என்றும், பிடித்த இடம் மட்டும் நனையாமையால் அங்குப் பட்ட அம்பே அவன் உயிரைக் கொண்டது என்றும் கதை. இக்கதை ஹோமரின் இலியத்தில் இல்லை. பிற்காலத்து இலக்கியத்தில் வருவது. உடற்கூற்று நூலில் இந்நாணுக்கு அப்பெயரை இட்டவர் பெல்ஜிய நிலப்பகுதியைச் சேர்ந்த பிலிப் வெர்ஹெயன்; ஆண்டு 1693. இலக்கியம் மருத்துவத்துக்குச் சொற்கொடை அளித்தமைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இது.

குதிநாண் நோவின் அடையாளம் காலையில் தெரியும். படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் மேற்புறம் விறைத்து வலிக்கும். நடக்க நடக்கத் தளரும். விரலிடையில் நாணைப் பிடித்துப் பார்த்தால் ஓரிடம் தடித்திருக்கும். (காலை முதலடியில் உள்ளங்காலின் குதிப்பகுதி வலிப்பது வேறு நோய், அதனை இங்கு விரிக்கவில்லை.) முற்றிலும் ஓய்வெடுத்தால் வலி குறையும், மீண்டும் ஓடினால் வலியும் மீளும். ஏனெனில் ஓய்வு நாணுக்கு வலிமை தருவதில்லை.

இதற்கு வழி கண்டவருள் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குறிப்பிடத்தக்கவர். இவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் குதிநாண் நோவுற்ற 15 ஓட்டக்காரர் 12 வாரப் பயிற்சிக்குப்பின் மீண்டும் பழையபடி ஓடினர். பயிற்சிக்கு வேண்டிய கருவி ஒரு படிக்கட்டே. முன்னங்காலைப் படியின் விளிம்பில் ஊன்றி இரு கால்களாலும் எழும்பி, பின்னர் எடை முழுவதையும் நோவுள்ள காலுக்கு மாற்றி, குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெல்ல இறக்க வேண்டும். மேலே எழும்ப நல்ல காலைத் துணைக்கொள்ள வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று. சற்று மடக்கி 15 முறை வீதம் மூன்று சுற்று. இவ்வாறு நாளுக்கு இருமுறை. கூட்டினால் நாளுக்கு 180 இறக்கம். சிறிது வலி இருப்பினும் தொடரலாம் என்பதே இம்முறையின் புதுமை. வலி இன்றிச் செய்ய முடிந்தால் முதுகுப் பையில் புத்தகங்களை ஏற்றிச் சுமையைக் கூட்டிக்கொள்ளலாம். நம் மாணவர்க்குப் புத்தகங்களின் எடை இவ்வாறேனும் பயன்படட்டும். நோவு நாணின் நடுவில் இல்லாமல் குதிகால் எலும்பை ஒட்டி இருப்பின் படிக்குக் கீழே இறக்குதல் ஆகாது. சமதரையில் நின்று செய்தலே தக்கது. இதனினும் குறைந்த எண்ணிக்கையில், கூடிய சுமையோடு, மிக மெதுவாகச் செய்யும் முறையும் ஒத்த பயன் தருவதாகப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. சிப்ரோஃப்ளாக்சசின் முதலான ஒருவகைக் கிருமிக்கொல்லி மருந்துகள் தசைநாணை, குறிப்பாகக் குதிநாணை, நலிவித்து அறச்செய்யவும் கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2008இல் கட்டமிட்ட எச்சரிக்கை வெளியிட்டது. வயிற்றுப்போக்குக்கு இம்மருந்தை மருத்துவர் சீட்டின்றி வாங்கி உண்ணும் வழக்கம் நம்மிடையே உள்ளது. ஓட்டப் பயிற்சியில் இருப்போர் இதனை மருத்துவரிடம் சொல்லியே மருந்து பெறுதல் வேண்டும். நோவுள்ள நாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் நாண் அறுதற்கு வழிகோலும்.

நாண் அறும்போது யாரோ பின்னின்று உதைத்தது போன்ற உணர்வும், சில வேளை 'டப்' என்னும் ஓசையும் தோன்றும். திரும்பிப் பார்த்தால் பின்னே எவரும் இரார். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை அழுத்தினால் பாதம் அசைய வேண்டும். அசையாவிடின் நாண் அறுந்தது எனக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க.

சுளுக்கு

கணுக்கால் சுளுக்கு ஓடுவோர்க்கு மட்டும் உரியதன்று. எனினும் விடியற்காலை இருளில் குண்டும் குழியுமான சாலையோரத்தில் ஓடுவோர்க்கு அது எளிதில் நேர்கிறது. பாதம் உட்புறம் மடங்கும்போது வெளிப்பரட்டின் முன்னும் கீழும் உள்ள தசைநார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் முன்புற நாரே.

சுளுக்கு நேர்ந்த உடனே எண்ணெய் தடவி வழித்து விடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். வழிப்போரின் கைத்திறனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் எலும்பு முறிந்திருந்தால்? முறிவையும் சுளுக்கையும் பிரித்தறியக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஒரு விதியை வெளியிட்டனர். உலகெங்கும் அது பின்பற்றப்படுகிறது. உட்பரடு, வெளிப்பரடு ஆகியவற்றின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் பகுதியிலோ நுனியிலோ எலும்பின்மேல் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியிலோ, உட்புறம் வளைவின் மேலுள்ள படகெலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்ட உடனும், மருத்துவரிடம் வந்த பின்னும் நான்கு அடி எடுத்து வைக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்பது விடையாயின் ஊடுகதிர்ப் படம் வேண்டும். எதுவும் இல்லையெனில் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான்கு அடி என்னும் எளிய அளவுகோல் உடற்கல்வித் துறையினர் அனைவரும் மனனம் செய்யத்தக்கது. படம் எடுக்கும் முன் வழித்தல் வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

பனிக்கட்டி பற்றிய கருத்தும் மாறியுள்ளது. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாழ்த்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வலி தணிய முதல் நாளில் சிறிது நேரம் துணி சுற்றிய பனிக்கட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் பதினைந்து நாள் கட்டிலில் கிடத்தல் வேண்டா. வலி பொறுக்கும் அளவில் விரைவில் ஊன்றி நடக்கத் தொடங்குவதே நன்று.

ஒருமுறை சுளுக்கிய கணு மறுமுறையும் சுளுக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. நார் கிழியும்போது பாதம் எந்நிலையில் உள்ளது என்று அறிவிக்கும் நுண்ணுணர்வும் குறைந்துவிடுகிறது. அதனை மீட்கும் வழி ஒற்றைக்காலில் நிற்றல். முதலில் கண் திறந்து, பின்னர்க் கண் மூடி, அதன்பின் தலையணைமேல் நின்று பழகுதல். பல் துலக்கும் நேரம் இதற்குப் போதும். கண்டோர் நகைப்பின் நகைக்கட்டும். இப்பயிற்சி மறுசுளுக்கைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிற நோவுகள் இரண்டைச் சுருங்கக் கூறுவோம். ஓடத் தொடங்கிக் குறிப்பிட்ட நேரம் கழித்துக் கணைக்கால் முழுவதும் இறுகி, பாதம் மரத்து, நின்ற சில நிமிடங்களில் தானே தணிவது தசையறையினுள் அழுத்தம் மிகுவதால் வருவது. இதற்கு வல்லுநர் ஆய்வு வேண்டும். ஓடாதபோதும் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பின் அது குருதி உறைவாக இருக்கக்கூடும். அதனைத் தேய்த்துவிடுதல் அறவே கூடாது.

பயிற்சி முறை

ஓடும் முன் கால்களை இழுத்து நீட்டினால் காயம் வராது என்பது மைதானங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. ஆஸ்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் 12 வாரம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், நீட்டியவர்க்கும் நீட்டாதவர்க்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேரும்போது உடற்திறன் குறைந்திருந்தவரே மிகுதியாகக் காயமுற்றனர். வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தொலைவைக் கூட்டாதே என்னும் விதியும் அவ்வாறே வேதவாக்கன்று. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதிய ஓட்டக்காரரை இரு பிரிவாக்கி ஆய்ந்தனர். அவ்விதிப்படி 13 வாரம் பயின்றவருள் 20.8 விழுக்காட்டினரும், 8 வாரத்தில் பயின்றவருள் 20.3 விழுக்காட்டினரும் காயமுற்றனர். முடிவு 2008இல் வெளிவந்தது. ஆயினும் இதனைக் கொண்டு எவ்வளவும் கூட்டலாம் என்று பொருள் கொள்ளுதல் தவறு. இரு பிரிவினரும் படிப்படியாகவே கூட்டினர். நம் மாணவரைப் போல முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடியவர் அவர்களுள் எவருமிலர்.

ஆகவே எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே வாரம் மூன்று நாள், அரைமணி நேரம், நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குவதே தக்கது. தார்ச்சாலையைவிடச் சமமான மண்தரை பலர்க்கு உவப்பானது. ஆனால் தரையைத் திடீரென மாற்றுவதும் ஒரு சுமையே. தேய்ந்த கேன்வாஸ் காலணியோடு மாதக்கணக்கில் ஓடுவோர்க்கு, விலையுயர்ந்த காலணி வேண்டா; பாதத்துக்குப் பொருந்தி, அணிந்தால் உறுத்தாதது போதும். தேர்வுக்கு முதல் வாரம் புதுக் காலணி வாங்குதல் வேண்டா.

நோவு தணிந்து மீள்வோர் முதலில் அரைமணி நேரம் வலியின்றி விரைந்து நடக்க இயல வேண்டும். பின்னர் ஒற்றைக்காலில் பத்து முறை வலியின்றிக் குதித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இயன்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துமுறை மாற்றி மாற்றிச் செய்க. மறுநாள் ஓய்வு. அன்று காலை முன்னைய நோவு தலைகாட்டவில்லையெனில் அதற்கடுத்த நாள் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்கலாம். தலைகாட்டினால் முன்னைய படிக்கே திரும்புக. முதலில் தொலைவைக் கூட்டுதல் வேண்டும், வேகம் பின்னர். தளர்ச்சி முறிவு கூடியவர்க்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்க்கு நாள் குறித்துக் கொடுப்பவர் மருத்துவரே. அவரிடம் செல்லும்போது ஒரு தாளில், எந்தக் கால், உட்புறமா வெளிப்புறமா, பரட்டுக்கு மேல் எத்தனை விரற்கிடை, ஒரு புள்ளியா பரப்பா, ஓடத் தொடங்கும்போதா முடிந்தபின்பா இரவிலா, கடந்த நான்கு வாரங்களில் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்பனவற்றைத் தமிழிலேயே எழுதி எடுத்துச் செல்க.